கட்டுத்தறி ஆணியில் தொங்கும் நோட்டு

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஓர் ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாணிக்கூடையோடு வாசலைக் கடந்து குப்பைக்குழிக்குப் போனேன்.

"மருமக என்ன வேலை செய்யறாங்க?"

"அது வேலைக்கெல்லாம் போறதில்லீங்க. வூட்லதான் இருக்குது."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். நான் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அன்று காலை நான்கரைக்கு எழுந்து மூன்று மாடு கறந்திருந்தேன். பதினெட்டு ஆளுக்குச் சோறாக்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். வெட்டிய மஞ்சளில் தாய்க்கிழங்கு வேறு, அதிலிருந்து விரல்போல் கிளைத்த விரலி வேறாகப் பிரிக்கும் இடத்தில் பெண்ணாட்களோடு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். மாமனார் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. என்னை வந்து யாராவது கேட்டிருந்தால், அப்போது நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தப் பதில் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. மகள் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு மிச்சம் விட்ட கணக்கு நோட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. எழுதாத தாள் பாதிக்கு மேல் இருந்தது. அதில் ஓட்டை போட்டு நூல் கோத்துக் மாடு கட்டும் கட்டுத்தறிச் சுவரில் ஆணியில் மாட்டினேன். பேனாவையும் நூலில் கட்டிவிட்டேன். இன்று அதே ஆணியில் தொங்குவது பதினான்காவது நோட்டு.

எங்கள் ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கம், கீழ்பவானிப் பாசனம். பவானிசாகர் அணையிலிருந்து வரும் வாய்க்கால் எங்கள் பூமிக்கு மேற்கே ஓடுகிறது. அது பாயும் ஆயக்கட்டு மொத்தம் 2,07,000 ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கொடுக்க முடியாது என்பதால் பாதிப் பாதியாக மதகைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஒரு பாதிக்கு நெல்லுக்குத் தண்ணீர் வரும். மறுபாதிக்குத் தை மாதத்துக்கு மேல் கடலை, எள் மாதிரிப் புஞ்சைப் பயிருக்கு வரும். மறு வருடம் முறை மாறும். கிணற்றிலும் தண்ணீர் இருப்பவர்கள் மஞ்சளும் கரும்பும் வைப்பார்கள். எங்களுக்கு நான்கு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு கிணறு, ஒரு போர்வெல்.

1993-ல் பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் அப்பா வீட்டிலும் பண்ணையம்தான் என்றாலும் எனக்குப் பால் கறக்கத் தெரியாது. அத்தைதான் சொல்லிக்கொடுத்தார். முதல் ஒரு மாதம் மாட்டைத் தொடவே விடவில்லை. "மொதல்ல அது உன்ன மோந்து பாத்துப் பழகட்டும் கண்ணு" என்று சோளத்தட்டு போடுவது, தண்ணீர் காட்டுவது, கழுவி விடுவது மட்டும் கொடுத்தார். அப்புறம்தான் காம்பில் கை வைத்தேன். கட்டைவிரலை மடக்கி இழுக்கக் கூடாது, அது காம்பின் உள்பக்கத்தை நசுக்கிவிடும், ஐந்து விரலாலும் மேலிருந்து கீழாக அமுக்கிப் பீச்ச வேண்டும் என்று என் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். எழுத்துக்கூட்டியும் படிக்கத் தெரியாத அத்தையிடம் நான் கற்றுக்கொண்டதை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

முதல் நோட்டில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர், பால் சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு காட்டியது, இவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துப் புண்ணாக்கு, தவிடு வாங்கிய காசையும் எழுத ஆரம்பித்தேன். அப்புறம் சினை ஊசி போட்ட தேதி. அப்புறம் ஆள் கூலி. அந்த நோட்டு வேலை செய்யத் தொடங்கியது அடுத்த வருடம்தான்.

2010-ல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. ஈரோடு மஞ்சள் மண்டியில் அப்படியொரு விலையை யாரும் பார்த்ததில்லை. ஊரே மஞ்சள் வைக்கத் துணிந்தது. நாங்களும் 2011 வைகாசியில் விதை மஞ்சளைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கி இரண்டு ஏக்கருக்கு வைத்தோம். ஏக்கருக்கு 800 கிலோவுக்குக் குறையாமல் விதை வேண்டும். அதற்கே என் நகையில் பாதி அடமானம் போனது. ஒன்பது மாதம் களையும் தண்ணியும் உரமுமாகப் பார்த்து, 2012 மாசியில் வேகவைத்துக் காயவைத்து மூட்டை பிடித்தபோது விலை 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. நாற்பது குவிண்டால் கிடைத்தது. விளைச்சலில் எந்தக் குறையும் இல்லை. குடோனில் வைத்துப் பார்த்தோம், வட்டிதான் ஏறியது.

ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, "மாட்டையெல்லாம் வித்துப்போட்டு வட்டிய அடைச்சரலாம் புள்ள. அது திங்கறதுக்கும் தர்றதுக்கும் சரியாப் போகுது" என்றார். எப்போதும் சரி என்றுதான் சொல்வேன். அன்று எழுந்து போய் ஆணியிலிருந்து நோட்டை எடுத்து வந்தேன். ஒரு வருடப் பால் பணம் 1,04,000 ரூபாய். தீவனம், ஊசி, வைத்தியம் எல்லாம் போக 58,000 நின்றது. பசுந்தீவனமும் சோளத்தட்டும் சொந்தத் தோட்டத்தில் வந்தவை. "ஏனுங்க, மஞ்சள் நம்மளக் கடங்காரனாக்குன வருசத்துல பசங்க பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக்கும் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு இதுல இருக்குது பாருங்க" என்றேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மாட்டை விற்கவில்லை. மறு வருடம் மஞ்சளை ஓர் ஏக்கராகக் குறைத்து, அரை ஏக்கரில் கோ-4 தீவனப்புல் வைத்தோம்.

எந்தப் பெண்ணும் நாளைக்கே செய்யக்கூடிய வேலை இது. மாட்டுக் கணக்கை வீட்டுக் கணக்கோடு கலக்காதீர்கள். பால் பணம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் உப்பிலும் புளியிலும் கரைந்துபோகும், வந்ததே தெரியாது. மஞ்சள் பணம் மொத்தமாக வருவதால் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க ஒரு வருடக் கணக்கு வேண்டும். பால் பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழ வேண்டும். சொசைட்டியில் உறுப்பினராக வீட்டு ஆணின் பெயர்தான் இருக்கும். மனு எழுதிக் கொடுத்து உங்கள் பெயரில் உறுப்பினராகச் சேருங்கள். நான் சேர்ந்தது 2013-ல். அதற்கு முன் இருபது வருடம் நான் கறந்த பாலுக்கு மாமனார் பெயரில்தான் சீட்டு வந்தது.

நோட்டு கற்றுக்கொடுத்த இன்னொன்று கொழுப்பு விஷயம். சொசைட்டியில் பாலுக்கு விலை கொழுப்பையும் இதர சத்தையும் வைத்துத்தான். ஆவின் பசும்பாலுக்கு 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கினார்கள், 2023 டிசம்பரில் இருந்து ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் அந்த விலை வராது, சத்து குறைந்தால் பணமும் குறையும். எங்கள் செவலைக்கு ஒரு சமயம் தினமும் குறைவாகவே காட்டியது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கன்று போட்டபின்தான் குறைந்திருக்கிறது. கறந்து முடிக்கும் தறுவாயில் கன்றை விட்டுவிடுவது எங்கள் பழக்கம். மடியில் முதலில் வரும் பால் தண்ணியாக இருக்கும், கடைசிப் பாலில்தான் கொழுப்பு. அந்தக் கடைசிப் பாலைக் கன்று குடித்துவிட்டால் கேனுக்கு வருவது மெலிந்த பால்தானே? அதற்காகக் கன்றைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வேண்டியதை முதலிலேயே குடிக்க விட்டுப் பிடித்துக் கட்டிவிட்டு, மீதியை ஒட்டக் கறந்தேன். நான்கே நாளில் கொழுப்பு ஏறியது. வெறும் பசும்புல்லாகப் போட்டாலும் கொழுப்பு இறங்கும். ஐந்தாறு கிலோ காய்ந்த தட்டும் சேர்ந்தே போக வேண்டும்.

கலப்புத்தீவனத்துக்குக் கணக்கு எளிது. மாட்டின் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ. அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. அதிகம் போட்டால் அதிகம் கறக்கும் என்று அள்ளிக் கொட்டியதில்தான் எங்கள் லாபம் பல வருடம் தீவனத் தாழியில் போயிருக்கிறது.

மடிநோய் பற்றிச் சொல்லாமல் போனால் என் மனது ஆறாது. 2006-ல் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம், மூன்று நாள் போய்விட்டேன். கறவைக்கு ஓர் ஆளை விட்டிருந்தோம். அவருக்கு ஐந்தாறு வீட்டில் வேலை, அவசரம். திரும்பி வந்த அன்று காலை கருப்பியின் பின்னங்கால் பக்கத்து மடி கல் மாதிரி இருந்தது. தொட்டால் சுட்டது. பீச்சினால் பால் வரவில்லை. மஞ்சள் நீரும் திரித்திரியாக ஏதோவும் வந்தன. தொட்டதற்கே உதைக்காமல் திரும்பி என்னைப் பார்த்தது. அது ஒரு நாளும் உதைக்காத மாடு. டாக்டர் ஐந்து நாள் ஊசி போட்டார். உயிர் தப்பியது, அந்தக் காம்பு மட்டும் அடைந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று காம்பிலேயே இரண்டு ஈத்து கறந்தது. அந்த மடியைக் கழுவும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அன்றிலிருந்து இவற்றை நான் விட்டதே இல்லை. கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் பீச்சிப் பார்ப்பேன். திரி இருந்தால் பளிச்சென்று தெரியும். மடியில் பாலை மிச்சம் வைக்க மாட்டேன். கறந்து முடித்ததும் தாழியில் தீவனம் வைப்பேன். காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் மாடு படுத்தால் சாணியும் சகதியும் துளை வழியாக நோயை ஏற்றிவிடும். தின்றுகொண்டிருந்தால் படுக்காது. சிறிய விஷயம்தான், அதில் ஒரு காம்பின் விலை இருக்கிறது.

2018-ல் மறுபடி இன்னொரு மாட்டுக்கு வந்தபோது கால்நடைப் பல்கலைக்கழகக்காரர்கள் எல்லா ஊரிலும் சொல்லிக்கொடுக்கும் மூலிகை வைத்தியத்தைச் செய்தேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம் தோலோடு, மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அம்மியிலோ மிக்சியிலோ அரைத்தால் செக்கச்செவேல் என்று வரும். மடியிலுள்ள பாலை முழுதாகப் பீச்சிக் கீழே விட்டு, மடியைக் கழுவி, அந்த விழுதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுதும் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து தடவை, ஐந்து நாள். பத்து தடவை என்பதுதான் முக்கியம். இரண்டு தடவை தடவிவிட்டுக் குணமாகவில்லை என்று சொல்லக் கூடாது. நான் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் கட்டுத்தறியிலேயே கிடந்தேன். நான்காம் நாள் வெள்ளையாகப் பால் வந்தது. காய்ச்சல் அடித்தாலும், மாடு தின்னாமல் நின்றாலும் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இதையும் தடவிக்கொண்டே கூப்பிடலாம்.

சினை ஊசிக்கும் அத்தை சொன்ன கணக்கு ஒன்று உண்டு, டாக்டரும் அதையேதான் சொன்னார். பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் மாலை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை ஊசி. தேதியை எழுதி 21-ஆம் நாளில் ஒரு குறி போட்டுவிடுவேன். அன்று மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். அந்தக் குறி இல்லாத காலத்தில் இரண்டு மூன்று மாதம் வீணாகப் போனது எத்தனையோ முறை.

மஞ்சளுக்கு வருகிறேன். வெட்டு முடிந்து வேகவைத்துக் காயவைக்கும் அந்த இருபது நாள்தான் ஒரு வருட உழைப்பு எந்த விலைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. முன்பு பெரிய கொப்பரையில் மஞ்சள் சருகையே எரித்து வேகவைப்போம். இப்போது டிராக்டரில் பாய்லர் வந்துவிட்டது. எதில் வேகவைத்தாலும் பதம் பார்ப்பது பெண்கள் கைதான். கொப்பரையில் நுரை கட்டி வெள்ளைப் புகையோடு ஒரு வாசம் வரும். அந்த வாசம் தெருவுக்கே தெரியும். அப்போது ஒரு மஞ்சளை எடுத்து ஈர்க்குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். பதம் பத்தாவிட்டால் காய்ந்தபின் வண்டு விழும். மிஞ்சினால் நிறம் மங்கும். கிழங்கும் விரலியும் சேர்ந்து வெந்தால் ஒன்று வேகும்போது மற்றது குழைந்துவிடும், அதற்குத்தான் பிரிப்பது.

2014-ல் வேகவைத்த மஞ்சள் களத்தில் பரப்பி ஆறாம் நாள். மாசியில் மழை வராது என்ற நம்பிக்கையில் எல்லோரும் படுத்துவிட்டோம். நடுராத்திரிக்கு மேல் மண் வாசம் மூக்கில் ஏறி விழித்தேன். வீட்டுக்காரரையும் அத்தையையும் எழுப்பிக்கொண்டு ஓடினேன். பக்கத்துச் சாளை வீட்டிலிருந்து இரண்டு பெண்களும் கூப்பிடாமலே வந்தார்கள். பாதியைக் குவித்துத் தார்ப்பாய் போடுவதற்குள் மழை பிடித்துவிட்டது. நனைந்த பாதியை மறுபடி காயவைத்தும் உள்ளே கறுப்பு ஓடியிருந்தது. அந்த மூட்டைகளை மண்டியில் யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை, பாதி விலைக்குப் போனது. அன்று முதல் வானம் எப்படி இருந்தாலும் மாலையில் குவித்து மூடிவிட்டுத்தான் சாப்பாடு. காய்ந்ததற்கு அடையாளம் கேட்டால், முறிக்கும்போது டக்கென்று உலோகம் தட்டின மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வரப் பத்துப் பதினைந்து நாள் வெயில் வேண்டும்.

அந்த நாட்களில் சமையலுக்கு நேரம் இருக்காது. எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம்தான் கைகொடுக்கும். ஒரே போசியில் அரிசி, துவரம்பருப்பு, வெங்காயம், பூண்டு, மஞ்சள், நெய். இருபது பேருக்கு முக்கால் மணி நேரத்தில் ஆகிவிடும், தூக்கிக்கொண்டு போகவும் சுலபம்.

வேலைக்கு வரும் பெண்களைப் பற்றியும் எழுத வேண்டும். என் உழைப்பு கணக்கில் வரவில்லை என்று நான் வருந்திக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்தில் குனிந்து களையெடுத்த பெண்களின் பெயர்கூட என் நோட்டில் இல்லை. "பெண்ணாள் 8" என்றுதான் எழுதியிருந்தேன். அந்த வரியைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. மாமனார் காலத்தில் அவர்களுக்கு டீக்குத் தனி டம்ளர், அது வேலியோரம் கவிழ்ந்து கிடக்கும். நான் வந்தபோதும் இருந்தது. அதை எடுத்தெறிய எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. இன்னும் சீக்கிரம் செய்திருக்க வேண்டும். இப்போது பெயர் போட்டு எழுதுகிறேன், கூலியை அன்றன்றே கொடுக்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வித்தியாசம் எங்கள் ஊரில் இன்னும் ஏறக்குறைய இரட்டிப்பு. மஞ்சள் பிரிப்பு மாதிரிப் பெண்களே செய்யும் வேலைக்காவது ஏற்றிக் கொடுக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் குறை சொல்கிறார்கள், சொல்லட்டும்.

உடம்பு விஷயத்தை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருப்போம். அப்படி இருந்து இருந்துதான் எனக்கு நாற்பது வயதுக்குள் மூன்று முறை நீர்த்தாரையில் புண்ணும் காய்ச்சலும் வந்தது. மூன்றாவது முறை குளிர் நடுக்கத்தோடு கோபியில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?" என்பதுதான். திரும்பி வந்ததும் மாட்டுக் கொட்டகைக்குச் சிமெண்ட் போட வைத்திருந்த பணத்தில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கழிப்பிடம் கட்டினோம். வேலைக்கு வரும் பெண்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பணத்தை இதைவிட நல்ல வேலைக்குச் செலவழித்திருக்க முடியாது.

கறக்கும்போது குந்தி உட்காராமல் சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் முழங்கால் பிழைக்கும். எனக்கு அது நாற்பத்தைந்து வயதில்தான் தோன்றியது. மஞ்சள் காட்டுக்குள் போகும்போது சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, ராத்திரி மடை மாற்றப் போகும்போது டார்ச்சும் செருப்பும். மஞ்சள் காட்டில் ஈரமும் நிழலும் இருப்பதால் பாம்பு உண்டு. கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். அசைக்காமல் தூக்கிக்கொண்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.

கடைசியாகப் பத்திர விஷயம். தமிழ்நாட்டில் பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு அது செல்லும்; எனக்கு 1993-ல்தான் கல்யாணம். ஆனால் 2001-ல் அப்பா இறந்தபின் அண்ணன் ஒரு தாளைக் கொண்டுவந்து, "பட்டா மாத்தறதுக்கும்மா, ஒரு கையெழுத்துப் போடு" என்றபோது, படிக்கத் தெரிந்த நான் படிக்காமல் போட்டேன். அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல நாள் பெரிய நாளுக்குச் சீர் கொண்டு வருகிறார், வரட்டும். ஆனால் அந்தத் தாளை அன்று படித்திருந்தால், கொடுப்பதா வேண்டாமா என்று நானாக முடிவு செய்திருப்பேன்.

அதனால் மாமனார் காலமாகிப் பாகம் பிரித்தபோது கேட்டேன். ஓர் ஏக்கராவது என் பெயரில் வேண்டும் என்று. கேட்க எனக்கு வாய் வர ஆறு மாதம் ஆனது. வீட்டுக்காரர், "எம்பேர்ல இருந்தா என்ன, உம்பேர்ல இருந்தா என்ன, எல்லாம் நம்முளுதுதான்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு நாள் அத்தைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வட்டலைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏன்டா சாமி, எம்பேர்ல ஒரு சென்ட்டு மண்ணு இல்லாமயே நான் கெழவியாயிட்டேன். இவளுக்காச்சு எழுதி வையி" என்றார். அத்தை அதுவரை எனக்காக வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. அடுத்த வாரமே கவுந்தப்பாடி பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனோம். குடும்பத்துக்குள் தானசெட்டில்மெண்ட் எழுதினால் கிரயத்தைவிடச் செலவு மிகவும் குறைவு. ஒன்றரை ஏக்கர் என் பெயருக்கு வந்தது.

பட்டா கையில் வந்தபின் சிட்டா, அடங்கல், பயிர்க்கடன் எதற்கும் நானே கையெழுத்துப் போடுகிறேன். மாடு வளர்ப்பதற்கு நிலமே இல்லாவிட்டாலும் கிசான் அட்டையில் கடன் வாங்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. புல் நறுக்கும் மெஷின் அதில் வாங்கினேன். வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மனுவிலும் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதுகிறேன். அந்தக் கணக்கெடுப்பு மறுபடி எங்கள் வாசலுக்கு வரும்போது திண்ணையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது. ஆனாலும் தினமும் மாலை கட்டுத்தறிக்கு வந்து, கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன எழுதுன, படி கேக்கலாம்" என்பார். நான் லிட்டரையும் கொழுப்பையும் படிப்பேன். குறைந்திருந்தால் காரணம் கேட்பார். நேற்று படித்துக்கொண்டிருந்தபோது, "செவலைக்கு எப்பப் போட்டது?" என்று கேட்டார். முன்னிருந்த செவலையின் பேத்தி இது, அதற்கும் அதே பெயர்தான். தாளைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். வருகிற வியாழனோடு 280 நாள். அத்தை எழுந்து, தடவித் தடவிப் போய், அதன் வாலடியில் கை வைத்துப் பார்த்தார். "எலும்பு எளகிருச்சு. வியாழன் வரைக்கும் தாங்காது. ராத்திரி லைட்ட அணைக்காத" என்றார்.

இன்று மாலை தட்டைத் தொடவில்லை. மடி இறங்கிவிட்டது. கட்டுத்தறியில் லைட் எரிகிறது, நோட்டில் இன்றைய தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.